கூலிக்குக் காவல்: மரக்காணம் உப்பளக் கரையும் வங்கிக் கணக்கின் பிடித்தங்களும்

மரக்காணத்து உப்பளத்துக்கு ஆண்டு பிறப்பது தை மாதத்தில்தான். மழை தேக்கிவைத்த நீரை வடித்து, சேறு வாரி, வரப்பு கட்டி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உப்புநீர் பாய்ச்சிக் காயவைத்து முதல் உப்பு வாருவதற்குள் மாசி பிறந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் உற்பத்தி உச்சத்தில் நிற்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். அதன்பின் தை வரை அளத்தில் கூலி கிடையாது. புயல் வந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

வங்கியின் ஆண்டு வேறு. அதில் பன்னிரண்டு மாதமும் ஒரே அச்சு. தவணை 5ஆம் தேதி என்றால், உப்பு விளையும் மே 5ஆம் தேதியும் அளம் மூழ்கிக் கிடக்கும் நவம்பர் 5ஆம் தேதியும் அதற்கு ஒன்றே. 2021 ஆகஸ்ட் 1 முதல், தவணையைத் தானாக எடுக்கும் தேசியத் தானியங்கித் தீர்வகம், அதாவது ‘நாச்’, ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் பாராமல் இயங்குகிறது. கணக்கில் பணம் இல்லாவிட்டால் தவணை ‘பவுன்ஸ்’ ஆகும். அதற்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.

இந்த இரண்டு நாட்காட்டிகளுக்கும் நடுவே சிக்கிக் கரையும் பணத்தைப் பற்றியது இக்கட்டுரை. பணம் இல்லாத மாதத்தில் பணம் இல்லாததற்காகவே பணம் பிடிக்கலாமா? பிடித்தால், கேட்க என்ன உரிமை இருக்கிறது?

ஒரு தவணை, இரண்டு அபராதம்

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் இருசக்கர வாகனத்துக்கோ வீட்டுச் சாமானுக்கோ கடன் வாங்கியிருக்கிறது. தவணை திரும்பினால் கணக்கு வைத்திருக்கும் வங்கி ரூ.500 எடுக்கிறது என்று கொள்வோம்; வரியோடு ரூ.590. கடன் கொடுத்த நிதி நிறுவனமும் தன் பங்குக்கு அதே அளவு ‘பவுன்ஸ் சார்ஜ்’ எழுதுகிறது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டம்: ரூ.1,180. அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மூன்று மாதமும் தவணை திரும்பினால் ரூ.3,540. அசலில் ஒரு ரூபாய்கூட இதனால் குறையாது. நிறுவனம் ஒரே மாதத்தில் இரண்டாம் முறையும் தவணையைத் தட்டிப் பார்த்தால் கணக்கு இன்னும் ஏறும்.

இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். மழைக்கால வேலையிழப்புக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு தரும் நிவாரணம் ரூ.5,000. மேலே போட்ட கணக்கில் இதில் பத்தில் ஏழு பங்கு அபராதத்துக்கே போய்விடும். கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். சிலர் பாதிதான் எடுக்கிறார்கள். ஆனால் கருவூலத்திலிருந்து வந்த மழைக்காலக் கஞ்சிப் பணம் வாசலிலேயே வழிமறிக்கப்படும் இந்த அமைப்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

இது கற்பனையான அச்சமல்ல. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் ரூ.1,000. பணம் ஏறிய சில நாட்களுக்குள் புகார்கள் வந்தன: குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பழைய அபராதத்தை இந்த ஆயிரத்தில் சில வங்கிகள் கழித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். பாதிக்கப்பட்டவர்கள் முதல்வரின் உதவி மைய எண் 1100இல் புகார் சொல்லலாம் என்றார்.

மறு ஆண்டு கேரளத்தில் இதைவிடக் கொடியது நடந்தது. 2024 ஜூலை 30இல் வயநாட்டில் நிலம் சரிந்து ஊர்களே புதைந்தன. உயிர் தப்பியவர்களுக்கு அரசு அவசர உதவியாக ரூ.10,000 கணக்கில் போட்டது. கேரள கிராமிய வங்கியில் கணக்கு வைத்திருந்த சிலருக்கு அதிலிருந்து கடன் தவணை கழிந்தது. மாநிலமே கொதித்தது, முதல்வர் பினராயி விஜயன் கடுமையாகப் பேசினார், வங்கி பணத்தைத் திருப்பியது.

இரண்டு இடத்திலும் வங்கிகளைத் தட்டிக் கேட்டது ஆட்சியாளரின் குரலும் மக்களின் ஆத்திரமும்தான். மரக்காணத்தில் ஒரு தொழிலாளியின் கணக்கில் ரூ.590 கழிந்தால் எந்த அமைச்சரும் அறிக்கை விடப்போவதில்லை. அங்கே விதிதான் பேச வேண்டும். அது எதுவரை பேசுகிறது?

குறைந்தபட்ச இருப்பு: விதி சொல்வது

குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்தை ரிசர்வ் வங்கி தடை செய்யவில்லை, வேலி கட்டியிருக்கிறது. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதம் குறையும் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது: இந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. புதிதாகப் பணம் ஏறும் நாளுக்காகப் பழைய அபராதத்தைக் கடனாக எழுதிக் காத்திருப்பது இந்த விதியின் நோக்கத்துக்கே எதிரானது. மகளிர் உரிமைத் தொகையில் நடந்தது ஏன் தவறு என்பதற்கு அரசியல் காரணம் வேண்டாம். இந்த ஒரு வரி போதும்.

ஜன் தன் உள்ளிட்ட அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவரும் அதை அடிப்படைக் கணக்காக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அங்கேயும் கசிவு உண்டு. மாதம் நான்கு முறைக்கு மேல் பணம் எடுத்த அடிப்படைக் கணக்குகளில், மின்னணுப் பரிமாற்றத்துக்கும்கூட ஒவ்வொரு தடவைக்கும் பாரத ஸ்டேட் வங்கி ரூ.17.70 பிடித்ததை மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆசிஷ் தாஸ் 2021இல் ஆய்வாக வெளியிட்டார். 2015 முதல் 2020 வரை சுமார் 12 கோடி ஏழைக் கணக்குகளிலிருந்து 300 கோடி ரூபாய்க்கு மேல் போயிருப்பதாக அவர் கணக்கிட்டார். பிறகு அதில் ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டது. சில்லறை ஒழுகி எப்படி ஏரியாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெருந்தொகையின் அளவு நாடாளுமன்றப் பதிலில் இருக்கிறது. 2023-24 வரையான ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு அபராதமாகத் திரட்டியது ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய். காற்று இப்போது திசை மாறியிருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கி 2020லேயே இந்த அபராதத்தைக் கைவிட்டது. இந்தியன் வங்கி 2025 ஜூலை 7 முதல் கைவிட்டது. வேறு சில பொதுத்துறை வங்கிகளும் அதே ஆண்டில் பின்தொடர்ந்தன. இது வங்கிகளின் மனமாற்றம். சட்ட மாற்றமல்ல, எனவே மனம் மீண்டும் மாறலாம். தவணை திரும்பும் கட்டணமோ பரவலாகத் தொடர்கிறது.

காசோலை என்னும் கத்தி

உப்பு வியாபாரத்தில் முன்பணம் பழைய வழக்கம். அளம் குத்தகை எடுத்தவர் வியாபாரியிடம் பணம் வாங்கிக்கொண்டு விளைச்சலில் கழிப்பார். பொதுவாகவே சிறு வணிகத்திலும் கைமாற்றுக் கடனிலும், பிடிமானத்துக்கென்று கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கை மாறுவது ஊரறிந்தது. நிரப்பாத காசோலைதானே, செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கையெழுத்துத் தன்னுடையதுதான் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், மற்ற விவரத்தை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் அது கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் முதலில் ஊகிக்கும் என்று பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. ஊகத்தை உடைக்கும் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பணமில்லாமல் காசோலை திரும்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நாச்’ தவணை திரும்பினாலும் 2007ஆம் ஆண்டின் சட்டமொன்றின் 25ஆம் பிரிவு இதே தண்டனையை வைத்திருக்கிறது. ஆனால் காசோலை திரும்பிய அன்றே யாரும் குற்றவாளியாகிவிடுவதில்லை. திரும்பிய செய்தி கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு வர வேண்டும். அது கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. இந்தப் பதினைந்து நாள்தான் ஏழைக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் மூச்சு. வக்கீல் நோட்டீஸைப் பயந்து வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர் அந்த மூச்சையும் இழக்கிறார்.

இன்னொரு தீர்ப்பையும் உப்பு வியாபாரத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 அக்டோபரில் தஷ்ரத்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: காசோலை கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதியைக் கட்டியிருந்து, அதைக் காசோலையில் குறிக்காமலே முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டால், 138ஆம் பிரிவு வழக்கு நிற்காது. முன்பணத்தில் பாதி உப்பாகக் கழிந்துவிட்டது என்றால் அந்தக் கழிவுக்குக் கையெழுத்தோடு ஒரு சீட்டு இருக்கட்டும். நீதிமன்றத்தில் அந்தச் சீட்டுக்கு இருக்கும் எடை நூறு மூட்டை உப்புக்கு இருக்காது.

காசோலை திரும்பும் கட்டணத்துக்கும் எல்லை உண்டு. வாடிக்கையாளர் தவறால் திரும்பினால் மட்டுமே கட்டணம் எடுக்கலாம். வங்கியின் கோளாறால் திரும்பியதற்கு அவர் தலையில் கட்டக் கூடாது. காசோலை வங்கியின் கையில் தொலைந்துபோனால் அதன் பொறுப்பும் வங்கியுடையதே.

விரல் ரேகையும் வராத பணமும்

வங்கிக் கிளை தொலைவில் இருக்கும் ஊர்களில் வங்கி என்பது கையில் சிறு கருவியோடு வரும் வங்கித் தொடர்பாளர்தான். ஆதார் எண்ணும் விரல் ரேகையும் போதும். உப்புநீரிலும் கூர்மையான பரலிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த கைக்கு ரேகை தேய்ந்திருக்கும். கருவி இரண்டு மூன்று முறை மறுக்கும். சில நேரம் கணக்கில் பணம் கழிந்துவிடும், கைக்கு வராது.

இதற்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை தெளிவான விடை தருகிறது. ஏ.டி.எம்., சிறு கருவி, ஆதார் வழிப் பரிமாற்றம் எதுவானாலும், கழிந்த பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு; அதைக் கேட்காமலே தர வேண்டும். வேறொருவர் திருட்டுத்தனமாக எடுத்திருந்தால் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை துணை நிற்கும். தவறு வங்கியுடையதாகவோ வெளியாருடையதாகவோ இருந்து, தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் வாடிக்கையாளர் புகார் சொன்னால் அவருக்கு இழப்பே இல்லை. பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கிமீது. கடவு எண்ணைத் தானே பிறரிடம் சொன்னவருக்கு மட்டும் இந்தக் காப்பு, புகார் சொல்லும்வரை கிடையாது.

முறையீட்டின் பாதை

உரிமை கேட்பதற்கு முதல் ஆவணம் பாஸ்புத்தகம். எந்தக் கட்டணம், எதற்காக என்பது பதிவில் புரியும்படி இருக்க வேண்டும் என்று 2017 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கடன் வாங்கியவருக்கு இன்னொரு கருவி முக்கிய விவர அறிக்கை. 2024 அக்டோபர் 1க்குப் பிறகான சில்லறைக் கடன்களில், அந்த அறிக்கையில் எழுதாத எந்தக் கட்டணத்தையும் கடனாளியின் வெளிப்படையான சம்மதமின்றி எடுக்க முடியாது. தாமதத்துக்கு விதிக்கும் அபராதத்தை அசலில் சேர்த்து அதற்கு வட்டி போடுவதும் 2024 முதல் கூடாது.

முதல் புகார் வங்கிக்கு, எழுத்தில், ஒப்புகைச் சீட்டோடு. 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் நியாயமில்லை என்றாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, வக்கீல் தேவையில்லை, விவரம் கேட்க 14448. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வங்கிச் சேவையையும் சேவை என்றே கொள்கிறது. வங்கியின் தலைமையகம் எந்த நகரில் இருந்தாலும் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மரக்காணத்தவருக்கு விழுப்புரம் மாவட்ட ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சிறு தொகை வழக்குக்குக் கட்டணமில்லை.

பாதை இருக்கிறது. ஆனால் ரூ.590க்காக ஒரு நாள் கூலியை விட்டு விழுப்புரம் போக யாரால் முடியும்? இத்தனை உரிமையும் பணம் போன பிறகு விழிக்கும் உரிமைகள். பணம் போகாமல் தடுக்கும் உரிமைதான் இல்லை.

ஜப்திக்கு அஞ்சாத கூலி

பணம் போகாமல் முன்பே தடுக்கும் எண்ணம் நம் சட்டத்துக்குப் புதிதல்ல. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவு. கடனுக்காக எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று பட்டியலிடும் பிரிவு அது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி ஆகியவற்றோடு கூலித் தொழிலாளியின் கூலியும் அதில் இருக்கிறது, அது பணமாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும். வெள்ளைக்காரன் காலத்திலேயே, தீர்ப்பு வாங்கிய கடன்காரனும் நீதிமன்ற அமீனாவும் தொட முடியாதென்று விலக்கி வைக்கப்பட்ட பணம் அது. இன்று அது கணக்கில் ஏறிய மறு நொடியில், தீர்ப்பும் இல்லாமல் அமீனாவும் இல்லாமல், ஒரு மென்பொருள் கழித்துக்கொள்கிறது.

கையெழுத்திட்டுத் தவணை ஆணை கொடுத்தது அவர்தானே என்பது வங்கியின் பதில். தவணைக்கு அது பொருந்தும். பட்ட கடனை அடைக்க வேண்டியதுதான். இக்கட்டுரை அதை மறுக்கவில்லை. கட்டணத்துக்குப் பொருந்துமா? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, மீறலுக்கு நியாயமான இழப்பீடுதான் உண்டு என்கிறது. கணினி ஒரு தவணையைத் திருப்பி அனுப்புவதில் வங்கிக்கு நேரும் செலவுக்கும் ரூ.500க்கும் என்ன உறவு என்பதை எந்த வங்கியாவது வாடிக்கையாளருக்கு விளக்கியதுண்டா?

இந்தக் கேள்வியை யார் கேட்பது என்பதில்தான் முடிச்சு. 1999 வரை சேவைக் கட்டணங்களுக்கு இந்திய வங்கிகள் சங்கம் ஓர் அளவு வைத்திருந்தது. அதன்பின் ஒவ்வொரு வங்கியின் நிர்வாகக் குழுவும் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்றானது. கட்டணங்களின் நியாயத்தை ஆராய 2006இல் ரிசர்வ் வங்கி என். சதாசிவன் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அடிப்படைச் சேவைகளின் பட்டியலும் ‘நியாயமாக இருக்க வேண்டும்’ என்ற கொள்கையும் கிடைத்தன; உச்சவரம்பு கிடைக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே கை நீளும் தூரம் குறைவு. கடன் அட்டை வட்டிக்குத் தேசிய நுகர்வோர் ஆணையம் வைத்த 30 விழுக்காடு வரம்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அது ரிசர்வ் வங்கியின் வேலை என்றது. நீதிமன்றம் ரிசர்வ் வங்கியைக் காட்டுகிறது. ரிசர்வ் வங்கி நிர்வாகக் குழுவைக் காட்டுகிறது. குழு கட்டணப் பட்டியலைக் காட்டுகிறது.

பிரிட்டனும் இதே சந்தில் முட்டி நின்றது. அங்கே பணமில்லாக் கணக்குக்கான கட்டணங்களின் நியாயத்தை நியாய வணிக அலுவலகம் எடைபோட முடியாது என்று 2009 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்த்தது. பத்து ஆண்டுக்கு மேல் கழித்து, 2020 ஏப்ரலில், நிதி ஒழுங்குமுறை ஆணையமே களத்தில் இறங்கியது. முன் ஒப்புதலின்றி இருப்பைத் தாண்டியதற்கான நாள் கட்டணம், மாதக் கட்டணம் ஒழிந்தன. தவணை திரும்பினால் எடுக்கும் கட்டணம் வங்கிக்கு ஆன செலவோடு ஒத்திருக்க வேண்டும் என்றானது. தீர்ப்பால் முடியாதது ஓர் ஒழுங்குமுறை ஆணையால் முடிந்தது.

இங்கே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, அரசு நிவாரணமும் நலத்திட்டப் பணமும் கணக்கில் ஏறும்போதே தனிக் குறியீட்டோடு ஏற வேண்டும். அந்தத் தொகையில் எந்த அபராதத்தையும் கழிக்க மென்பொருள் மறுக்க வேண்டும். இரண்டாவது, ஒரு தவணைக்கு ஒரே கட்டணம், அதுவும் செலவு அளவுக்குள். வங்கியும் நிதி நிறுவனமும் தனித்தனியாகத் தண்டம் போடுவது நிற்க வேண்டும். மூன்றாவது, தவணையைப் பருவத்தோடு பொருத்த வேண்டும். நெல் விளைவிப்பவருக்குப் பயிர்க்கடன் அறுவடையை ஒட்டித் திரும்பினால் போதும் என்று வங்கியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே வெயிலையும் அதே மழையையும் நம்பி உப்பு விளைவிப்பவருக்கு அந்த ஏற்பாடு இல்லை. அரசின் ஏட்டில் உப்பு விவசாயமல்ல, தொழில். ஐப்பசி மழைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இந்த மூன்றில் முதலாவதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி கூட்டும் தமிழ்நாட்டின் மாநில அளவிலான வங்கியாளர் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. அரசுச் செயலர்களும் வங்கி அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். மகளிர் உரிமைத் தொகைக்காக அமைச்சர் ஒருமுறை அறிக்கையில் கேட்டதை, உப்பளத் தொழிலாளரின் மழைக்கால நிவாரணம் உட்பட எல்லா நலப் பணத்துக்கும் பொருந்தும் தீர்மானமாக அந்த மேசையில் எழுதி வைக்கட்டும். செப்டம்பருக்குள் எழுதினால் நல்லது. அக்டோபரில் பாத்திகளில் தண்ணீர் ஏறிவிடும்.